காற்றைத் தின்னாத பிராணி

பச்சோந்தி காற்றைத் தின்றே உயிர் வாழும் என்று ஐரோப்பாவில் சுமார் 1,600 வருடங்கள் நம்பினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியர் பிளினி தன்னுடைய இயற்கை வரலாற்று நூலில், இந்தப் பிராணிக்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்களில் பலர் பிளினியைப் பார்த்துத்தான் எழுதினார்களே தவிர, பச்சோந்தியைப் பார்த்து எழுதவில்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்கூட, தான் பச்சோந்திச் சாப்பாடு சாப்பிடுவதாக ஓரிடத்தில் குத்தலாகச் சொல்கிறான். நாடகம் பார்த்தவர்களுக்கு அது உடனே புரிந்திருக்கும். அவ்வளவு பழகிய நம்பிக்கை அது.

பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் விலங்கியல் நடத்தியவள் என்ற முறையில் இந்த நம்பிக்கையை நான் முட்டாள்தனம் என்று தள்ளமாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிடிபட்ட பச்சோந்தி மிரண்டுபோய்த் தீனியைத் தொடாது. பயந்தால் காற்றை உள்ளிழுத்து உடம்பை உப்பவைத்து, வாயைப் பிளந்து நிற்கும். சாப்பிடாமலே நாள் கணக்கில், ஏன், வாரக் கணக்கில் கிடக்கும். எகிப்திலிருந்து கப்பலில் வந்து குளிரில் விறைத்த ஒரு பச்சோந்தியைப் பார்த்த ரோமானியனுக்கோ பாரிஸ்காரனுக்கோ வேறென்ன தோன்றும்? வாயைத் திறக்கிறது, உடம்பு உப்புகிறது, எதையும் தின்பதில்லை, ஆனாலும் உயிரோடு இருக்கிறது. கண்ணால் கண்டது எல்லாம் சரிதான். அந்தப் பிராணி பட்டினியில் செத்துக்கொண்டிருக்கிறது என்ற ஒன்றைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

இந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு கட்டடக் கலைஞர். பாரிஸின் லூவ்ர் அரண்மனைக்குக் கிழக்குத் தூண் வரிசையை வடிவமைத்ததில் பங்குள்ள கிளாட் பெரோ, தொழிலால் மருத்துவரும்கூட. சின்ட்ரெல்லா கதையை அச்சில் ஏற்றிய சார்ல் பெரோவின் அண்ணன். பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இவரும் சகாக்களும் 1660களின் இறுதியில் ஒரு பச்சோந்தியை உயிரோடு வைத்துக் கவனித்தார்கள், பிறகு அறுத்துப் பார்த்தார்கள். நாக்கு பாய்ந்து ஈயைப் பிடிப்பதை நேரில் கண்டார்கள். 1669இல் அது அச்சில் வந்தது. பிளினியின் காற்றுச் சாப்பாடு அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதற்கு நம் ஊர் ஆனைகட்டியிலேயே எனக்குச் சாட்சி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதே பாரிஸில், சில வருடம் கழித்து, மதலேன் த ஸ்குதேரி என்ற நாவலாசிரியைக்கு 1672இல் எகிப்திலிருந்து இரண்டு பச்சோந்திகள் வந்து சேர்ந்தன. அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவெங்கும் வாசகர்கள் இருந்த எழுத்தாளர். அவர் அவற்றை அறுக்கவில்லை, வளர்த்தார். வளர்த்த கதையை எழுதவும் செய்தார். அது 1688இல் புத்தகத்தில் வெளிவந்தது. வீட்டில் வைத்த பச்சோந்தியைப் பற்றி, அது எப்படி நடந்துகொள்கிறது, நிறம் எப்போது மாறுகிறது என்று உட்கார்ந்து பார்த்து எழுதிய ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று அது. அறிவியல் வரலாறு என்றால் கத்தி பிடித்தவர்களைத்தான் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், கூண்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்தப் பெரியம்மாவுக்கும் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி கொடுத்திருக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மேலே ஏறினால் ஆனைகட்டி. ஊரை இரண்டாகப் பிரித்து ஓடுகிறது கொடுங்கரைப் பள்ளம். இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கேரளம், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. 1956 நவம்பர் 1க்கு முன்னால் இரண்டு கரையும் ஒரே சென்னை மாகாணம். அட்டப்பாடி மலபார் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது பள்ளத்தின் மேல் கோடு விழுந்தது. கோடு மனிதர்களுக்கு. அக்கரை இருளர் ஊரில் பெண் கொடுத்து இக்கரை ஊரில் பெண் எடுப்பது இன்றைக்கும் நடக்கிறது. பச்சோந்திக்கும் ரேஷன் கார்டு கிடையாது.

அட்டப்பாடியின் மேற்குப் பக்கம், முக்காலி தாண்டி சைலன்ட் வேலி வரை, அடைமழைக் காடு. கிழக்கே வர வர மழை குறைந்து, அகளி, கோட்டத்தரை, சோலையூர் தாண்டி ஆனைகட்டிக்கு வரும்போது வேல மரமும் கள்ளியும் உண்ணிச் செடியும் மண்டிய வறண்ட புதர்க்காடாகிவிடும். தென்மேற்குப் பருவமழையை மலையே தடுத்துவிடும் மழை மறைவு நிலம் இது. இடுக்கி மாவட்டத்தில் மறையூர் தாண்டிய சின்னாறும் இதே சாதி நிலம்தான். கேரளம் என்றாலே ஈரமும் பாசியும் நினைவுக்கு வருகிறவர்கள் இந்தக் கிழக்கு விளிம்பைப் பார்த்ததில்லை. இந்தியப் பச்சோந்திக்குப் பிடித்தது இந்த மாதிரி வறண்ட புதர்தான். அடர்ந்த மழைக்காடு அல்ல.

உலகத்தில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய பாதி மடகாஸ்கரில். மிச்சத்தில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வாய்த்தது ஒரே ஓர் இனம். லாரன்டி என்ற ஆஸ்திரியர் 1768இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது இலங்கையின் பெயரை வைத்தார். பெயர் இலங்கைக்குப் போய்விட்டது. பிராணி என்னவோ கங்கைக்குத் தெற்கே இந்தியாவின் வறண்ட பகுதிகளில் பரவலாக இருக்கிறது.

மாங்கரைக்கு மேலே சாலையோர வேல மரத்தில் ஒரு குட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாலைச் சேர்த்தாலும் என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம்தான் நீளம். விடிந்து வெயில் விழுந்ததும் உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, வெயில் படும் பக்கத்தை மட்டும் கருக்கவைத்துக்கொண்டது. மறுபக்கம் வெளிர்பச்சையாகவே இருந்தது. சூடு ஏறியதும் கருப்பு கலைந்தது. ஒரு கண் என் பக்கம். இன்னொரு கண் மேலே, பருந்து வருகிறதா என்று. இரண்டு விரல் ஒரு பக்கம், மூன்று விரல் மறுபக்கம் என்று பிரிந்த பாதம், சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் இடுக்கி மாதிரி குச்சியைக் கவ்வியிருந்தது. ஓரடி எடுத்துவைக்குமுன் முன்னும் பின்னும் ஆடியது. காற்றில் ஆடும் இலைகளுக்கு நடுவே ஆடாமல் நடப்பவன்தான் கண்ணில் படுவான். பிறகு பக்கத்து இலை நுனியில் தொங்கிய பனித்துளியை நோக்கி முகத்தை நீட்டி, மெதுவாக, வாயை அசைத்து அசைத்துக் குடித்தது. தீனிக்கு இருக்கும் பாய்ச்சல் தண்ணீருக்கு இல்லை.

அந்தத் துளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பச்சோந்தி வளர்த்தவர்கள் அதைப் புரிந்துகொள்ள இருநூறு, முந்நூறு வருடம் பிடித்தது. பெரும்பாலான பச்சோந்திகளுக்குக் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர் தண்ணீராகவே தெரியாது. அசைகிற, மினுங்குகிற துளிதான் தெரியும். கிண்ணம் நிறைய நீர் வைத்துவிட்டு, பக்கத்திலேயே தாகத்தில் சாகவிட்டவர்களுக்குக் கணக்கில்லை. குடிக்காத பிராணி என்று பிளினி சொன்னதை அவர்கள் தங்கள் வீட்டிலேயே நிரூபித்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்து வழக்கம் வேறு. இங்கே யாரும் பச்சோந்தியை ஆசைக்கு வளர்த்ததாக நான் கேட்டதில்லை. பயந்தார்கள், கல்லால் அடித்தார்கள். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொண்டுவந்ததாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே தமிழ்நாட்டுப் பையன்கள் தலைமுறை தலைமுறையாக ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடித்தார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஓந்து, அதாவது ஓணான், தூரத்திலிருந்தே ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்லிப் பிள்ளைகள் தொப்புளைப் பொத்திக்கொள்வார்கள். தொண்டை சிவந்த ஓணானுக்குச் சொன்ன பழி பச்சோந்திக்கும் சேர்ந்துவிட்டது. பச்சோந்திக்கு விஷம் என்பது இரண்டு கரைக்கும் பொதுவான பேச்சு. ஒரு சொட்டு விஷம்கூட அதற்குக் கிடையாது. பாகவதத்தில் நிருகன் என்ற ராஜா, தானம் கொடுத்த பசுவையே மறுபடி தானம் கொடுத்த தோஷத்தால் ஓணானாகிப் பாழுங்கிணற்றில் கிடக்கிறான். கிருஷ்ணன் கை பட்டதும் சாபம் தீர்கிறது. அந்தக் கதையிலாவது ஒருவர் அதைக் கையில் எடுக்கிறார் என்பது எனக்கு ஆறுதல். அரசியல் மேடைகளில் பச்சோந்தியின் பெயர் படும் பாட்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஒருநாள் ஜம்புகண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் மஞ்சள் பையில் எதையோ சுருட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். உள்ளே வேலங்குச்சியைப் பிடித்தபடி ஒரு பச்சோந்திக் குட்டி, பயத்தில் கரும்புள்ளி பூத்துப்போய்.

“டீச்சர், இத ஊட்டுல வெச்சு வளத்தலாமுங்களா?”

“வளத்தலாம் கண்ணு, ஆனா என்னத்தப் போடுவே?”

“சோறு போடறேனுங்க.”

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “டேய், அதுக்குச் சோறெல்லாம் வேண்டாம்டா. வெறுங் காத்தே குடிச்சுக்கும்னு எங்க அப்பத்தா சொல்லுச்சு.”

பிளினியும் அந்த அப்பத்தாவும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அன்றைக்கு வகுப்பில் பாடம் மாறிப்போனது. குட்டியைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த வேலியில் விட்டுவிட்டு, அதற்கு வீட்டில் என்னென்ன வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். எழுத எழுத அந்தப் பையன் முகம் தொங்கியது. அவன் கேட்டது ஒரு கேள்வி. அதற்குள் ஐரோப்பாவும் அமெரிக்காவும் பட்ட பாடு முழுக்க இருக்கிறது.

முதலில் வெளிச்சம். 1849இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் உலகின் முதல் ஊர்வன இல்லம் திறந்தது. வெப்பம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெயில் வேண்டும் என்பது தெரியவில்லை. சாதாரணக் கண்ணாடி வெயிலின் வெளிச்சத்தை விடும், சூட்டை விடும். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரை நிறுத்திவிடும். அது இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேராது. எலும்பு வளையும், தாடை ரப்பராகும், குட்டி கிளையைப் பிடிக்க முடியாமல் விழும். 1920களில் மனிதக் குழந்தைகளின் ரிக்கெட்ஸ் நோய்க்கு வெயிலும் புற ஊதா விளக்கும் மருந்து என்று தெளிவானபோது, அந்தச் செய்தியை ஊர்வனவற்றுக்குக் கொண்டுவந்தவர் ஜோன் புரோக்டர். லண்டன் விலங்குக் காட்சிசாலையின் ஊர்வனப் பொறுப்பாளர். 1927இல் திறந்த புதிய ஊர்வன இல்லத்தை அவரே வடிவமைத்தார். புற ஊதாக் கதிரை விடும் தனிவகைக் கண்ணாடி, மின்சாரத்தில் ஒவ்வொரு கூண்டுக்கும் வேண்டிய வெப்பம் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்தார். வாழ்நாள் முழுக்க நோயாளி. 1931இல், 34 வயதில் இறந்துபோனார். இன்று கடையில் ஊர்வனவற்றுக்கென்று விற்கும் ஒவ்வொரு புற ஊதா விளக்கும் அவர் போட்ட பாதையில் வந்ததுதான்.

இந்தச் சங்கதிக்கு 2009இல் ஒரு தொடர்ச்சி வந்தது. டெக்சாஸில் கேரி ஃபெர்குசனும் உடன் ஆய்வாளர்களும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்திகளை வைத்துப் பார்த்தார்கள். தீனியில் வைட்டமின் டி குறைவாகக் கொடுத்த பச்சோந்தி அதிக நேரம் புற ஊதா வெளிச்சத்தில் நின்றது. அதிகமாகக் கொடுத்தது நிழலுக்கு ஒதுங்கியது. தனக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்பது அதற்கே தெரிகிறது. ஆனால் வெயிலும் நிழலும் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அந்தத் தெரிதலுக்குப் பயன். வேல மரத்தில் இரண்டும் ஓரடித் தூரத்தில் இருக்கின்றன.

அடுத்தது வியாபாரம். 1890களில் அமெரிக்க சர்க்கஸ்களில் பச்சோந்தி என்று சொல்லி ஒரு சிறு பல்லியை விற்றார்கள். அது பச்சோந்தியே அல்ல. நிறம் மாறும் அனோல் என்ற வேறு வகை. கழுத்தில் மெல்லிய சங்கிலி கட்டி, மறுமுனையை ஊசியால் சட்டையில் குத்திக்கொண்டு நகையாக அணிந்து திரிந்தார்கள். பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தார் சண்டை போட்டு நிறுத்தவேண்டியிருந்தது.

நிஜப் பச்சோந்திகள் கென்யாவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் விமானம் ஏறியது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில். 1972இல் ஹவாயின் ஓவாஹு தீவில் கானியோஹே என்ற ஊரின் பிராணிக் கடைக்காரர் ஒருவர் கென்யாவிலிருந்து மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். பெட்டியைத் திறந்தால் எல்லாம் வற்றி, தோல் சுருங்கிக் கிடந்தன. தேறட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார். தோட்டத்துத் துளியும் பூச்சியும் வெயிலும் கிடைத்ததும் அவை தேறின, பெருகின, தீவு முழுக்கப் பரவின. இன்றைக்கு ஹவாயில் அவை அங்கத்திய நத்தைகளையும் பூச்சிகளையும் தின்று தீர்க்கும் அயல் பிராணி. பச்சோந்தி பராமரிப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் பயமுறுத்துவதும் இந்த ஒரு சம்பவம்தான். கடைக்காரர் செய்த சரியான வைத்தியமே தீவுக்கு வினையானது.

1977இல் பச்சோந்திகள், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வந்தன. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் 1976லேயே சேர்ந்திருந்தது. ஆனாலும் மடகாஸ்கரிலிருந்து பிடித்துக் கட்டி அனுப்புவது ஓயவில்லை. 1995இல் நான்கு இனங்களைத் தவிர மற்றவற்றின் ஏற்றுமதியை நிறுத்திவைக்கவேண்டியதாயிற்று. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்தியைக் கூண்டிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு பொரிக்கக் கற்றார்கள். தலையில் உயர்ந்த கொண்டை உள்ள அந்த இனம் மற்றவற்றை விட முரட்டு உடம்பு. இன்று உலகெங்கும் வீடுகளில் வளர்வது பெரும்பாலும் அதுதான்.

அந்தக் குஞ்சை ஒழுங்காக வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அன்று கரும்பலகையில் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடித் தொட்டி கூடாது. காற்று போய்வரும் வலைக்கூண்டு வேண்டும். கண்ணாடியில் தன் நிழலைக் கண்டே அது எதிரி என்று மிரளும். உள்ளே நிஜச் செடி, பல தடிமனில் குச்சிகள். மேலே ஒரு மூலையில் சூட்டு விளக்கு, நீளவாக்கில் புற ஊதா விளக்கு, இரவில் இரண்டும் அணைந்து குளிர்ச்சி. காலையும் மாலையும் இலைகளில் புகைபோல நீர் தெளிக்க வேண்டும், அது குடித்து முடிக்கும்வரை. குட்டிக்கு இறக்கையில்லாத பழ ஈயும் எறும்பளவு சிள்வண்டுக் குஞ்சும் நாளில் பலமுறை. பூச்சிக்கே முதல் நாள் நல்ல கீரை கொடுத்து, மேலே சுண்ணாம்புப் பொடி தூவி. பூச்சி அதன் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள தூரத்தை விடப் பெரிதாக இருக்கக்கூடாது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறினால் தண்ணீர் போதவில்லை. பகலில் கண்ணை மூடிக்கிடந்தால் உடனே மருத்துவர். சில வாரம் கடந்ததும் ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனிக் கூண்டு, ஒன்றை ஒன்று பார்க்கவும் கூடாது. பெட்டையாக இருந்தால், ஆணைக் காணாவிட்டாலும் முட்டை கட்டும். தோண்டுவதற்கு ஆழமான ஈரமண் இல்லையென்றால் முட்டை வயிற்றிலேயே தங்கி அது செத்துப்போகும். கடைசியாக, கையில் எடுத்துக் கொஞ்சக்கூடாது. நம் கொஞ்சல் அதற்குப் பருந்தின் கால்.

“கொஞ்சக்கூடாதுன்னா எதுக்குங்க டீச்சர் வளத்தறது?” என்றான் பையன். மூன்றரை நூற்றாண்டு வரலாற்றில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டுக்கொண்டார்களோ தெரியாது.

நிறம் மாறுவதைப் பற்றியும் அப்போதே ஒருத்தி கேட்டாள். பின்னணிக்கு ஏற்ப நிறம் மாறும் என்பது பாதி உண்மைகூட இல்லை. 2015இல் ஜெனீவாவில் மிலின்கோவிச் குழுவினர் காட்டியது இது: தோலுக்குள் ஒருவகைச் செல்களில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது நெருங்கி நின்று நீலத்தைத் திருப்பி அனுப்பும். கிளர்ச்சி வந்தால் விலகி மஞ்சளையும் சிவப்பையும் அனுப்பும். அதாவது நிறம் என்பது பெரும்பாலும் அதன் மனநிலையும் உடல் சூடும். வளர்க்கிறவருக்கு அதுதான் வெப்பமானி, அதுதான் புகார்ப் பெட்டி. மஞ்சள் பைக்குள் கரும்புள்ளி பூத்தது எதற்கென்று பிள்ளைகளுக்கு அப்போது விளங்கியது.

இந்தியாவில் இதை முறையாகக் கவனித்தவர்கள் இல்லாமலில்லை. 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1912இலேயே இந்தியப் பச்சோந்தி பற்றித் தனிக் குறிப்பு வந்திருக்கிறது. 1980களில் அதே இதழில் எல்.ஏ.கே. சிங், எல்.என். ஆச்சார்ஜ்யோ, எச்.ஆர். பஸ்டார்ட் மூவரும் அதன் இனப்பெருக்கம் பற்றி எழுதினார்கள். பஸ்டார்ட் இந்தியாவின் முதலைப் பாதுகாப்புத் திட்டத்துக்கு வழி போட்டுக் கொடுத்தவர். ஜே.சி. டேனியல் எழுதிய இந்திய ஊர்வன நூல் 1983இல் வந்தது. எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் அதை வைத்துத்தான் பிழைத்தோம்.

ஆனைகட்டிக்கே 1990இல் சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் வந்தது. பெயரில் பறவை இருந்தாலும் ஊர்வனவற்றுக்கும் அங்கே ஆள் இருந்தார். சுப்ரமணியன் பூபதி மேற்குத் தொடர்ச்சி மலையின் பாம்பு, பல்லி, ஆமை, தவளை என்று காடு காடாக நடந்தவர். 2014இல் அகத்தியமலைப் பகுதியில் களப்பணியின்போது ஏற்பட்ட விபத்தில் காலமானார். 2017இல் விவரிக்கப்பட்ட ஒரு பன்றிமூக்குத் தவளை இனத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். மையம் இப்போது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் கிளையாக நடக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆனைகட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். இந்தியப் பச்சோந்தி 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் விற்பதும் குற்றம். குட்டி என்றாலும், காயம்பட்டது என்றாலும் இதே விதிதான். அன்று மஞ்சள் பைக்காரனுக்கு முதலில் நான் சொன்னதே சரியல்ல என்று அவனே பிறகு நூலகத்தில் படித்துவந்து சொன்னான். வெளிநாட்டுப் பச்சோந்தி விஷயம் வேறு. 2022இல் சட்டத்தைத் திருத்தி, பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல் உயிரினங்களுக்கென்று தனி அட்டவணை சேர்த்தார்கள். 2024இல் அவற்றைப் பதிவு செய்யும் விதிகளும் வந்துவிட்டன. முக்காட்டுப் பச்சோந்தி வைத்திருப்பவர் அதன் இருப்பையும் குஞ்சு பொரித்ததையும் கைமாறியதையும் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். ரசீது இல்லாமல் யாராவது பெட்டியில் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். அது எந்தக் காட்டிலிருந்து எப்படி வந்தது என்பதற்கு அந்த ஆளிடம் பதில் இருக்காது.

கூண்டுக்கு இவ்வளவு சொன்ன நான் காட்டுக்குச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், முட்டை சுமந்த பெட்டை மரத்தை விட்டுத் தரைக்கு இறங்கும். பத்திலிருந்து முப்பது முட்டைவரை இடும். அதற்கு இளகிய மண் வேண்டும், தோண்டும் நேரம் யாரும் மிதிக்காத இடம் வேண்டும். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டினார்கள் என்பதை ஊரே பார்த்தது. உரிமம் இல்லாத சூளைகள் 2021இல் மூடப்பட்டன. குழிகள் அப்படியே இருக்கின்றன. மரத்தை வெட்டினால்தான் காடு போகும் என்று நினைக்கிறோம். மண் போனாலும் போகும். அட்டப்பாடிப் பக்கம் 1990களின் நடுவிலிருந்து ஜப்பான் கடனுதவியோடு தரிசுகளை மீட்டுக் காடு வளர்த்த வேலை நடந்தது. அதில் நல்லதும் கெட்டதும் உண்டு என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். புதர் திரும்பி வந்த இடங்களில் பச்சோந்திக்கு ஏற்ற நிலமும் திரும்பியிருக்கிறது என்பது என் கணிப்பு.

ஆகவே மாங்கரையிலிருந்து ஆனைகட்டி வரை, அங்கிருந்து கோட்டத்தரை வரை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலையிலும் மாலையிலும் வேகத்தைக் குறையுங்கள். சாலை நடுவில் ஒரு பச்சை இலை முன்னும் பின்னும் ஆடி ஆடி நகர்ந்தால் அது இலை அல்ல. பின்னால் வருகிறவருக்குக் கை காட்டிவிட்டு வண்டியை ஓரங்கட்டுங்கள். கையால் தூக்க வேண்டாம். ஒரு குச்சியை முன்னங்காலுக்கு முன்னால் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துச் செடியில் விடுங்கள். வந்த பக்கமே விட்டால் மறுபடி சாலையில்தான் இறங்கும். அடிபட்டிருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் குச்சியோடு வைத்து, பக்கத்துச் சோதனைச்சாவடியில் வனத்துறையிடம் கொடுங்கள். சோறும் பாலும் கொடுக்காதீர்கள். போட்டோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அது செடியில் ஏறிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.